எழுதியது அழியாதிருக்க



திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரை வழியாகப் பொன்முடி மலைக்குச் செல்வோர், மலை ஏறத் தொடங்கும் இடத்தில் கல்லாறு என்னும் சிற்றூரைக் கடந்து செல்வார்கள். உருண்டு திரண்ட பெருங்கற்களுக்கிடையே ஓடிவரும் ஆறுதான் ஊருக்குப் பெயர் தந்தது. அதுவே கீழே இறங்கியபின் வாமனபுரம் ஆறு என்று வழங்குகிறது. ஊரைத் தாண்டினால் 22 கொண்டையூசி வளைவுகள், அதன்பின் பொன்முடி. கோடையில் கற்களின்மேல் கால் வைத்தே கடந்துவிடத் தக்க ஆறுதான்; ஆனால் மலையுச்சியில் மழை பெய்தால், அடிவாரத்தில் வெயில் காயும்போதே வெள்ளம் வந்துவிடும்.

இவ்வூரை ஒட்டிய காட்டுக் குடியிருப்பில் வாழ்ந்து வைத்தியம் செய்து புகழ் பெற்றவர், காணி இனத்தைச் சேர்ந்த லட்சுமிக்குட்டி அம்மையார். தம் தாயாரிடம் மூலிகை மருத்துவம் கற்றவர். விஷக்கடிக்கு மருந்து நாடித் தொலைவிலிருந்தெல்லாம் இவரிடம் மக்கள் வந்தனர். 1995-இல் கேரள அரசு இவருக்கு ‘நாட்டு வைத்திய ரத்னா’ விருது அளித்தது. 2018-இல் பாரத அரசு பத்மஸ்ரீ விருது அளித்தது. அவ்வாண்டு சனவரி மாதம், பிரதமரின் ‘மனதின் குரல்’ வானொலி உரையிலும் இவரைப்பற்றிய செய்தி இடம்பெற்றது. அப்போது நாடு முழுவதும் வியந்த ஒரு விஷயம், ஏறத்தாழ 500 மருந்துகளின் செய்முறைகளை இவர் நினைவிலேயே வைத்திருந்தார் என்பதாகும்.

வியப்பு அடங்கியபின் மற்றோர் எண்ணம் எழாமற் போகாது. ஐந்நூறு செய்முறைகள், ஒரே ஒரு நினைவு! எழுதப்படாத அறிவுக்கு இருக்கும் பிரதி அந்த ஒன்றுதான். எழுதிவிட்டால் கவலை தீர்ந்ததா என்றால், அதுவும் இல்லை. ஒரே ஏட்டில் எழுதப்பட்டு ஒரே பெட்டியில் வைக்கப்பட்டதும் ஒற்றைப் பிரதிதான். ஒரே கணினியில் தட்டச்சு செய்து வைத்திருப்பதும் அப்படியே. எழுதியதை எவ்வாறு பல பிரதிகளாக்கிக் காப்பது, அதுவும் நாம் மறந்துவிட்டாலும் யந்திரம் மறவாமல் செய்யும்படி எவ்வாறு ஏற்பாடு செய்வது என்பதைப்பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

நம் முன்னோர் இந்தக் கவலையை நன்கு அறிந்திருந்தார்கள். பனையோலை என்றும் நிற்பதன்று. செல்லும் பூச்சியும் ஈரமும் அதன் பகைவர். ஆகையால் பழைய ஏடு சிதையுமுன் புதிய ஏட்டில் பெயர்த்தெழுதும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக நடந்து வந்தது. எழுதி முடித்தவர் பல சமயங்களில் இறுதி ஓலையில் ஆண்டு, மாதம், நாள், எழுதினவர் பெயர் ஆகியவற்றைக் குறித்து வைத்தார். பெயர்த்தெழுதும்போது ஒரு சொல் மாறும். ஒரு வரி விடுபடும். சில இடங்களில் எழுதுபவரே தமக்குத் தோன்றியதைச் சேர்த்துவிடுவார். இப்படித்தான் பாடபேதங்கள் தோன்றின. டாக்டர் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887-இலும் புறநானூற்றை 1894-இலும் பதிப்பித்தபோது, ஊர் ஊராகச் சென்று தேடிய பிரதிகளை ஒப்பிட்டு, எது மூலத்தின் சொல், எது பின்னர் நுழைந்த சொல் என்று ஆராய்வதற்கே பெரும் உழைப்பைச் செலவிட்டார். ஒவ்வொரு மாற்றத்தையும் யார் செய்தார், என்று செய்தார் என்ற குறிப்பு இருந்திருந்தால் அந்த உழைப்பில் பெரும்பகுதி மிஞ்சியிருக்கும்.

பிரதி ஒன்று எங்கோ ஒரு மூலையில் பிழைத்திருந்தால் என்ன நேரும் என்பதற்குத் திருவனந்தபுரமே சான்று. வடமொழி நாடகாசிரியர் பாசனின் பெயரைக் காளிதாசன் முதலியோர் குறிப்பிட்டிருந்தும், அவருடைய நாடகங்கள் நெடுங்காலம் அறிஞர் கைக்கு எட்டவில்லை. தி. கணபதி சாஸ்திரியார் பத்மநாபபுரத்தை அடுத்த மணலிக்கரையில் ஒரு மடத்திலிருந்து மலையாள எழுத்தில் அமைந்த ஏட்டுச் சுவடிகளைக் கண்டெடுத்தார். அவற்றையும் பின்னர்க் கிடைத்தவற்றையும் சேர்த்து 13 நாடகங்களைத் திருவனந்தபுரம் சமஸ்கிருத நூல்வரிசையில் 1912 முதல் வெளியிட்டார். அவை அனைத்தும் பாசனுடையவைதாமா என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். அது வேறு கதை. அந்த மடத்தார் ஏட்டைப் பெயர்த்தெழுதி வைக்காதிருந்தால் வாதிடுவதற்கும் ஒன்றும் இராது. இதற்கு மறுதலையான காட்சியை யாழ்ப்பாணத்தில் கண்டோம். 1981-இல் எரிந்த பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களும், வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் சாம்பலாயின. அச்சு நூல்களைத் திரும்ப வாங்க முடிந்தது. ஒற்றைப் பிரதிகளைத் திரும்பப் பெற வழியில்லை.

இனி நம் காலத்துக்கு வருவோம். மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் எனக்கு நெருக்கமான ஒரு காட்சியைச் சொல்கிறேன். முன்பு நான் பணிசெய்த ஓர் அலுவலகத்தில், நீண்ட விதித்தொகுப்பு ஒன்றின் தமிழாக்கம் மூவர் கைமாறித் திருத்தப்பட்டது. கடைசியில் கணினியில் ‘இறுதி’, ‘இறுதி இரண்டு’, ‘புதிய இறுதி’, ‘அச்சுக்குப் போவது’ என்ற பெயர்களில் கோப்புகள் குவிந்திருந்தன. அச்சுக்குப் போனது அச்சுக்குப் போக வேண்டியதன்று! ஓய்வூதியம்பற்றிய ஒரு விதியில், திருத்துமுன் இருந்த சொல்லே அச்சில் வந்து, பயனாளிகள் சிலரை வீண் அலைச்சலுக்கு உள்ளாக்கிற்று. பிரதிகளின் தொகைக்கு அங்கே குறைவே இல்லை. எது எதற்குப் பிந்தியது என்ற வரலாறுதான் இல்லை.

கணினி நிரல் எழுதுவோர் இந்தச் சங்கடத்தை நமக்கு முன்பே அநுபவித்தவர்கள். ஆயிரக்கணக்கான வரிகள் கொண்ட நிரலைப் பலர் ஒரே காலத்தில் திருத்துவதால், அவர்களுக்கு வேறு வழியில்லாமற் போயிற்று. 1972-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் இதற்கென முதற் கருவிகளுள் ஒன்று உருவாயிற்று. அதன்பின் பல வந்தன. இன்று பெருவழக்கில் இருப்பது ‘கிட்’ என்பது. லினக்ஸ் என்னும் இயங்குதளத்தைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், அதுவரை தம் குழு பயன்படுத்திய கருவிக்கான இலவச உரிமம் விலக்கிக்கொள்ளப்பட்டதால், 2005 ஏப்ரலில் இதைத் தாமே எழுதத் தொடங்கினார். இதற்கு விலை இல்லை. யாரும் இறக்கிக்கொள்ளலாம். இத்தகைய கருவிகளைத் தமிழில் பதிப்புக் கட்டுப்பாட்டு முறை என்கிறார்கள். ‘கட்டுப்பாடு’ என்ற சொல் எனக்கு அவ்வளவாக உவப்பில்லை. ‘பதிப்பு வரலாறு’ என்றால் பொருள் சட்டென விளங்கும்.

இது செய்யும் வேலை எளிதானது. உங்கள் எழுத்துக் கோப்புகள் உள்ள ஓர் உறையை அதற்குக் காட்டிவிட்டால், அது அங்கே ஒரு களஞ்சியத்தை அமைத்துக்கொள்ளும். நீங்கள் ‘பதிவு செய்’ என்னும்போதெல்லாம், அந்தக் கணத்தில் எல்லாக் கோப்புகளும் எப்படி இருந்தனவோ அப்படியே ஒரு பிம்பம் எடுத்து, யார், எப்போது, எதற்காக என்ற குறிப்போடு வைத்துக்கொள்ளும். மாறாத கோப்பை மீண்டும் சேமிப்பதில்லை. ஆகையால் ஆயிரம் பதிவுகள் செய்தாலும் இடம் அதிகம் பிடிப்பதில்லை. ஒவ்வொரு பதிவுக்கும் 40 குறிகள் கொண்ட ஓர் அடையாள எண் உண்டு. அந்த எண் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிடப்படுவது. ஓர் ஒற்றெழுத்து மாறினாலும் எண் மாறிவிடும். ஒவ்வொரு பதிவும் தனக்கு முந்திய பதிவின் எண்ணையும் தாங்கியிருப்பதால், நடுவில் ஒரு பதிவை யாரும் அறியாமல் மாற்றிவிட இயலாது. ஏடெழுதுவோர் விட்ட வரியும் சேர்த்த சொல்லும் இங்கே தாமே வெளிப்பட்டுவிடும். சென்ற வைகாசியில் நீக்கிய ஒரு பத்தி இந்த மார்கழியில் வேண்டுமானால், அன்றைய பதிவுக்குச் சென்று எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் களஞ்சியம் அதே கணினியில் இருக்கும்வரை அது வரலாறே ஒழியக் காப்பு அன்று. கணினி திருட்டுப் போனால் இரண்டும் சேர்ந்தே போகும். ஆகவே அதன் பிரதியை வேறோர் இடத்துக்கு அனுப்ப வேண்டும். இணையத்தில் இதற்கென இடம் தரும் நிலையங்கள் உள்ளன. கழற்றி எடுத்துச் செல்லும் வன்தட்டிலும் வைக்கலாம். ஒரே களஞ்சியத்தை இரண்டு இடங்களுக்கும் அனுப்பலாம். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றுள் ஒன்று வேற்றூரில் என்பது இத்துறையினர் கைக்கொள்ளும் கணக்கு. அனுப்பப்படும் ஒவ்வொரு பிரதியிலும் முழு வரலாறும் அடங்கியிருக்கும் என்பது இம்முறையின் தனிச் சிறப்பு. மூன்றில் இரண்டு அழிந்தாலும் மூன்றாவதிலிருந்து அனைத்தையும் எழுப்பிவிடலாம்.

கோப்புகளைத் தானாகவே இணையத்தில் ஏற்றும் சேவைகள் வேறு உண்டே, இத்தனை பாடு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். அவை நல்லவையே. ஆனால் நீங்கள் தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால், அந்த அழிவையும் விசுவாசமாக மற்ற இடங்களுக்கு எடுத்துச் சென்றுவிடும். பழைய நிலையை வைத்திருந்தாலும் பெரும்பாலும் குறிப்பிட்ட நாட்களுக்கே வைத்திருக்கும்.

இனித் தானியக்கம். பதிவு செய்வதும் அனுப்புவதும் மனிதன் நினைத்துச் செய்ய வேண்டிய வேலைகளாக இருந்தால், முதல் வாரம் நடக்கும். பொங்கலுக்கு ஊருக்குப் போய்வந்தபின் நின்றுவிடும். ஆகையால் இதை யந்திரத்திடமே ஒப்படைப்பது நலம். மூன்று நான்கு வரிகளில் ஒரு சிறு நிரல் போதும். உறையில் மாற்றம் உண்டா என்று பார், உண்டானால் சேர், தேதியும் நேரமும் குறித்துப் பதிவு செய், பின்பு வெளியிடத்துக்கு அனுப்பு. இதை மணிக்கு ஒருமுறை இயக்கும்படி கணினிக்குக் கட்டளையிடலாம். லினக்ஸில் ‘க்ரான்’ என்றும், விண்டோஸில் ‘டாஸ்க் ஷெட்யூலர்’ என்றும் வழங்கும் நேரங்காட்டிகள் இவ்வேலையைச் செய்யும். மாற்றம் எதுவும் இல்லையேல் ஒன்றும் செய்யாமல் இருந்துவிடும்.

இணையத் தொடர்பு அறுந்து அறுந்து வரும் ஊர்களில் இருப்போர் கவலைப்பட வேண்டியதில்லை. பதிவு செய்வதற்கு இணையம் தேவையே இல்லை, அனுப்புவதற்குத்தான் தேவை. கல்லாற்றைப் போன்றதொரு மலையடிவாரத்தில், தொலைபேசி அலை எட்டாத இடத்தில் அமர்ந்து ஒருவர் பத்து நாள் எழுதினாலும், பத்து நாளின் பதிவுகளும் கணினியிலே காத்திருக்கும். அலை கிடைக்கும் இடத்துக்கு வந்ததும் வரிசை குலையாமல் போய்ச் சேரும்.

தானியக்கத்தில் ஒரு குறை உண்டு. ‘பிற்பகல் 2 மணிப் பதிவு’, ‘3 மணிப் பதிவு’ என்று யந்திரம் எழுதும் குறிப்புகளால் பிற்காலத்தில் படிப்பவருக்கு ஒரு பயனும் இராது. ஓர் அத்தியாயம் முடிந்தபோதோ, ஒரு பெரிய திருத்தம் செய்தபோதோ, ‘மூன்றாம் அத்தியாயம் திருத்தப்பட்டது, பாட்டியார் சொன்ன ஊர்ப்பெயர் சேர்க்கப்பட்டது’ என்று நம் கையாலேயே ஒரு பதிவு செய்து வைப்பது என் கருத்தில் இன்றியமையாதது.

தமிழில் எழுதுவோர் அறிந்திருக்க வேண்டிய சில நுட்பங்களும் உள்ளன. முதலாவது, இம்முறை வெறும் உரைக் கோப்புகளிலேதான் சிறந்து விளங்குகிறது. அலங்காரங்கள் நிறைந்த ஆவணக் கோப்புகளையும் காக்கும் என்றாலும், எந்தச் சொல் மாறிற்று என்று காட்ட அதனால் எளிதில் இயலாது. அடுத்து, மாற்றத்தை அது வரிவரியாக ஒப்பிடுகிறது. ஒரு பத்தி முழுவதையும் ஒரே வரியாக அடித்திருந்தால், ஒரு சொல்லை மாற்றினாலும் பத்தி முழுவதும் மாறியதாகக் காட்டும். வாக்கியத்துக்கு ஒரு வரியாக எழுதினால் இத்தொல்லை இல்லை. தமிழ்ப் பெயர் சூட்டிய கோப்புகளைக் கிட் சில சமயம் வெறும் எண்களாகக் காட்டி மிரட்டும்; கோப்புக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை, ஓர் அமைப்பை மாற்றினால் தமிழிலேயே காட்டும். ஒகர உயிர்மெய்யின் குறியை ஒருங்குறியில் ஒரே குறியாகவும் இடலாம். கொம்பும் காலும் என இரண்டு குறிகளாகவும் இடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு வேறு வேறு. இருவர் வெவ்வேறு விசைப்பலகைகளில் ஒரே கட்டுரையைத் திருத்தும்போது, மாறாத சொல்லை மாறியதாக இது காட்டினால் காரணம் பெரும்பாலும் இதுவாக இருக்கும்.

இன்னொரு விஷயத்தைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். வெளியிடத்துக்கு அனுப்புவது என்றால் எவ்விடத்துக்கு? இணைய நிலையங்களில் யாவரும் காணத்தக்க களஞ்சியமும் உண்டு. உரியவர் மட்டும் காணும் தனிக் களஞ்சியமும் உண்டு. கல்லாற்றுக்கு அருகில், பாலோட்டில் உள்ள தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிலையத்தின் வரலாற்றில் இதற்கொரு பாடம் இருக்கிறது. 1987-இல் அகத்தியமலைக் காடுகளில் ஆய்வு செய்த விஞ்ஞானிகள், வழிகாட்டிகளாக வந்த காணி இனத்தார் ஒரு செடியின் காய்களைத் தின்று களைப்பின்றி நடப்பதைக் கண்டார்கள். ஆரோக்கியப் பச்சை என்னும் அச்செடியிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்து உருவாயிற்று. உரிமக் கட்டணத்திலும் உரிமைத் தொகையிலும் பாதி காணி மக்களுக்கு என்று முடிவாகி, 1997-இல் அவர்களுக்கென ஓர் அறக்கட்டளையும் அமைந்தது. அதே 1997-இல்தான், மஞ்சளின் புண்ணாற்றும் குணத்துக்கு அமெரிக்காவில் வழங்கப்பட்டிருந்த காப்புரிமை, நம் நாட்டின் பழைய நூற்சான்றுகளைக் காட்டி நீக்கப்பட்டது. எழுதி வைத்திருந்தது அங்கே உதவிற்று. எனினும், ஒருவருடைய மருத்துவ முறையை அவருடைய சம்மதமின்றி யாவரும் காணும் களஞ்சியத்தில் ஏற்றினால், அதனால் பயன் பெறுவோர் வேறு யாராகவோ இருக்கலாம். ஏற்றியபின் நீக்கினாலும் வரலாற்றில் அது நிற்கும். அதற்குள் பிறர் பிரதி எடுத்திருக்கவும் கூடும். மறவாமை என்னும் இதே குணம் காப்புக்கு அரண், அந்தரங்கத்துக்கு ஆபத்து. குடும்பச் செய்திகளையும் பிறர் ஒப்படைத்த அறிவையும் தனிக் களஞ்சியத்திலேயே வைக்க வேண்டும். பதிவில் காணும் தேதியை மட்டும் நம்பி, நாமே முதலில் எழுதினோம் என்று வழக்காடவும் கூடாது. கணினியின் கடிகாரத்தை மாற்றினால் பதிவின் தேதியும் மாறிவிடும்.

வெளிமாநிலங்களில் வாழும் நேயர்களை நினைத்தே இதை முக்கியமாகச் சொல்ல முற்பட்டேன். தில்லித் தமிழ்ச் சங்கம் 1946-இலும், பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் 1950-இலும் தோன்றியவை. இவை போன்ற பெரிய சங்கங்களுக்குக் கட்டிடமும் நூலகமும் உண்டு. ஆனால் ஆலை நகரங்களிலும் இரயில்வே குடியிருப்புகளிலும் உள்ள சிறு சங்கங்களின் நிலை வேறு. ஆண்டு மலர், நாடகப் பிரதி, குழந்தைகளுக்கான தமிழ்ப் பாடம், முதன்முதலில் இவ்வூருக்கு வந்தவர் யார் என்ற குறிப்பு, எல்லாம் அவ்வப்போது செயலாளராக இருப்பவரின் சொந்தக் கணினியில் இருக்கும். அவருக்கு மாற்றல் வரும். அல்லது கணினி பழுதாகும். அடுத்த செயலாளர் கடிதத்தாள் தலைப்பிலிருந்தே மீண்டும் தொடங்குவார். தமிழ்நாட்டில் ஒரு மலர் தொலைந்தால் வேறெங்காவது ஒரு பிரதி கிடைக்கும். போபாலிலோ ஜாம்ஷெட்பூரிலோ நாற்பது பேர் சேர்ந்து வெளியிட்ட மலருக்கு வேறு பிரதி எங்கே இருக்கும்? சங்கத்தின் பெயரில் ஒரு தனிக் களஞ்சியம், அதைத் திறக்கும் உரிமை குறைந்தது மூன்று பேரிடம், ஒரு பிரதி ஊரில் ஓர் உறுப்பினர் வீட்டு வன்தட்டில் என்று ஏற்பாடு செய்துகொண்டால் செயலாளர் மாறினாலும் வரலாறு மாறாது. கணினி கற்ற இளைஞர் ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் செய்து முடிக்கக்கூடிய காரியம் இது.

பழைய எழுத்துருக்களில் அடித்து வைத்த மலர்கள் இருந்தால், அவற்றை முதலில் ஒருங்குறிக்கு மாற்றுங்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை பொருளற்ற ஆங்கிலக் குறிகளாகவே தெரியும். மாற்றியபின் மூலக் கோப்பையும் எறிந்துவிடாமல் உடன் வையுங்கள். மாற்றும் நிரல்கள் சில எழுத்துக்களைச் சிதைப்பதுண்டு.

தானே நடக்கும் ஏற்பாடு உண்மையில் நடக்கிறதா என்று பார்க்கவும் ஒருவர் வேண்டும். இத்தகைய களஞ்சியங்களை நடத்துவதையே தொழிலாகக் கொண்ட கிட்லாப் என்னும் நிறுவனத்தில், 2017 சனவரி 31 அன்று ஒரு பொறியாளர் முதன்மைத் தரவுத்தளத்தைத் தவறுதலாக அழித்துவிட்டார். காப்புக்கென ஐந்து ஏற்பாடுகள் இருந்தன. ஒன்றும் உரியபடி வேலை செய்யவில்லை என்பது அன்றுதான் தெரிந்தது. வேறொரு காரியத்துக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்து வைத்திருந்த பிரதி ஒன்று தற்செயலாக இருந்ததால் மிச்சம் பிழைத்தது. கடவுச்சொல் மாறினாலோ, வெளியிடத்தின் கணக்கு காலாவதியானாலோ, உங்கள் சிறு நிரலும் மணிக்கு ஒருமுறை தோற்றுக்கொண்டே இருக்கும்; உங்களிடம் ஒரு வார்த்தையும் சொல்லாது. ஆகையால் மாதத்துக்கு ஒரு நாள், முதல் தேதி என்றே வைத்துக்கொள்ளலாம், வேறொரு கணினியில் அமர்ந்து, வெளியிடத்துப் பிரதியை இறக்கி, நேற்று எழுதிய பக்கத்தையும் ஓராண்டுக்கு முன் எழுதிய பக்கம் ஒன்றையும் திறந்து வாசித்துப் பாருங்கள். பத்து நிமிஷ வேலைதான்.